அளவு சொல்பவள் நான், வெட்டுபவர் அவர்

பிளவுஸ் தைத்துக் கொடுத்தால் 'நல்லா இருக்கு' என்று சொல்ல யாரும் திரும்பி வரமாட்டார்கள். 'கை பிடிக்குது' என்று சொல்லத்தான் வருவார்கள். ஊசியோடு பிழைக்கும் சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா?

ஜீவனஹள்ளியில் பதினாறு வருடமாக எனக்குக் கடை. நான்கு வருடத்துக்கு முன் கத்தரி கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும் நோய், சரியாகாது என்றார் டாக்டர். கடையை மூடிவிடலாம் என்றேன். பீன்யா தொழிற்பேட்டையில் இரும்பு கடையும் லேத் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் செல்வம் வேலையை விட்டுவிட்டு வந்து, "நீ சொல்லு, நான் வெட்டுறேன்" என்றார்.

முதல் பிளவுஸ்

லேத்தில் அளவென்றால் அளவுதான். அதே பழக்கத்தில், தையலுக்கென்று ஒரு விரல் துணிகூட விடாமல், நான் சொன்ன அளவுக்கே கச்சிதமாக வெட்டிவிட்டார். நானும் கவனிக்கவில்லை. போட்டுப் பார்க்க உள்ளே போன லூர்து டீச்சர் பாதிக் கையோடு சிக்கிக்கொண்டார். நான் போய் விடுவித்த பிறகு வெளியே வந்து சொன்னார்: "தம்பி, நான் இரும்பு இல்லப்பா. மூச்சு விடணும்."

சுவரைப் பார்த்து

அளவெடுக்க என் கை தோளுக்கு மேல் எழாது. அவர் அளவெடுத்தால் பெண்கள் கூச்சப்படுவார்கள். அதனால் அளவு ஜாக்கெட் கொண்டுவராதவர்கள் டேப்பைத் தாங்களே பிடிப்பார்கள், நான் எண்ணைப் படிப்பேன், அவர் சுவரைப் பார்த்து நின்று எழுதுவார். ஒருநாள் அளவு கொடுக்க வந்த மஞ்சுளாவுக்கு எல்லாம் முடிந்து, நானும் அவளும் டீ குடித்து, ஊர்க்கதையும் பேசியாகிவிட்டது. மனிதர் இன்னும் பென்சிலோடு சுவரைப் பார்த்தபடி நிற்கிறார். மஞ்சுளா கேட்டாள்: "ஏனக்கா, அண்ணனுக்கு என்ன பனிஷ்மென்ட்?"

முதுகு ஹூக்

பொம்மனஹள்ளியிலிருந்து வந்த கல்யாணப் பெண், முதுகுப் பக்கம் ஹூக் கேட்டாள். உடனே தயங்கினாள். "தனியா மாட்ட முடியாதே அக்கா?"

"எனக்கு முன்பக்க ஹூக்கே இவர்தாம்மா மாட்டி விடறாரு" என்றேன். அந்தப் பெண் வெட்கப்பட்டாள். செல்வம் அவளைவிட அதிகமாக வெட்கப்பட்டார். எந்த ஹூக் முரண்டு பிடிக்கும் என்று தினமும் காலையில் பார்ப்பதால், அவர் தைக்கும் ஹூக் மட்டும் இன்றுவரை புகார் வாங்கியதில்லை.

படி இறங்கிப் போனவள் திரும்பி வந்தாள். "பின்னாடியே வைங்க அக்கா. அவரும் பழகட்டும்."

அடுத்தது பேச்சு

போகப்போகப் பேச்சும் குழறலாம் என்று போன மாதம் டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து அழுதேன். இந்த மனிதரோடு பேசாமல் எப்படி இருப்பேன் என்ற துக்கம்தான். ஆனால் வாயில் வந்தது வேறு. "நான் சொல்லாம நீங்க ஒரு கைகூட ஒழுங்கா வெட்ட மாட்டீங்களே?"

அவர் என் கண்ணைத் துடைத்துவிட்டு, புடவைத் தலைப்பையும் சரிசெய்தார். "பேச்சு போனா என்ன, முறைக்கத் தெரியும்ல? கல்யாணமான நாள்லேர்ந்து அதைப் பார்த்துத்தான் நான் திருந்துறேன்."

அன்றிலிருந்து முறைத்துப் பழகி வருகிறேன். பயிற்சிக்குத் தேவையான தப்புகளை அவரும் தினமும் குறைவில்லாமல் செய்து தருகிறார்.