சிவப்பு விழுந்தால் நிழலுக்கு வரணும்

கட்டட வேலையிடத்தில் பாதுகாப்பு அலுவலரைக் கண்டால் எல்லோரும் கும்பிடுவார்கள். முதுகு திரும்பியதும் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுவார்கள். அடுத்தவர் நலனுக்காக வெயிலில் நின்று தொண்டை வற்றக் கத்தியிருந்தால், என் பாடு உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கொழிஞ்சாம்பாறைக்கு வெளியே ஒரு கல்லூரிக் கட்டடம் கட்டுகிறோம். நான் கொல்லங்கோட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறேன். போன மாசியில் கைப்பட்டைகள் வந்து இறங்கின. நாடித்துடிப்பையும் உடம்புச் சூட்டையும் பார்த்து, கட்டியிருப்பவரின் களைப்பை என் போனில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும். சிவப்பு வந்தால் பட்டையும் அலறும், கட்டியிருப்பவர் அரை மணி நேரம் நிழலில் உட்கார வேண்டும்.

யாரும் கேட்கவில்லை

முதல் நாள் சிமெண்ட் கொட்டகையில் எல்லோரையும் உட்காரவைத்து நீளமாக விளக்கினேன். செங்கல் சுமக்கும் ருக்மணியக்கா கன்னத்தில் கைவைத்துக் கடைசிவரை கேட்டார். பிறகு எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, பட்டை கட்டக் கையை நீட்டினார்.

“ஏனுங் அம்மிணி, களைப்பாயிருக்கான்னு கண்டுபுடிக்க இத்தன பாடா? இருவது வருசமா ஒருத்தரும் கேக்கலீங்க. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனுங்க.”

களைக்காத மூன்று பேர்

சென்ட்ரிங் வேலைக்காரர்கள் மூன்று பேருக்கு எப்போதும் பச்சைதான். உச்சி வெயிலில் பலகை தூக்கினாலும் பச்சை. இஞ்சினியரிடம் பெருமையாகக்கூடச் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் லாரிக்காகக் கேட் பக்கம் போனபோது, கதவைத் தள்ளிய வாட்ச்மேன் கிட்டானின் சட்டைக் கை மேலே ஏறியது. உள்ளே வரிசையாக மூன்று பட்டைகள்.

கோபமாகத்தான் அந்த மூவரையும் கூப்பிட்டேன். அவர்களில் வேலு என்பவர் தரையைப் பார்த்தபடி, “சிவப்பு காட்டுனா நாளைக்கு வர வேண்டாம்னுருவீங்களோன்னு பயமுங்க” என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. கருவியைப் பற்றி அவ்வளவு பேசியவள் இதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தேன். மறுநாள் காலை இஞ்சினியரையே எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து, சிவப்பு வந்தால் ஓய்வுதான், வேலையும் போகாது, கூலியும் பிடிக்கமாட்டோம் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தேன். கூட்டம் கலைந்ததும் கிட்டான் என்னிடம் வந்தார்.

“மூணு பேரு களைப்ப ரெண்டு நாளா நானொருத்தனே சொமந்தனுங் மேடம். எனக்கும் அரை மணி நேரம் ஓய்வு உண்டுங்களா?”

நாலாவது மாடி

கம்பி கட்டும் முருகேசன் எங்கள் சைட்டிலேயே பலசாலி. ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அவர் பெயருக்கு நேரே சிவப்பு விழுந்தது. நாலாவது மாடி விளிம்பில் குந்தியிருந்தார். கீழிருந்து கூப்பிட்டேன். “இன்னும் நாலு கம்பிதானுங்க, முடிச்சுட்டுத்தான் எறங்கணும்னு மேஸ்திரி சொல்லியிருக்காருங்க!” என்று கத்தினார்.

ஏறிப் போனேன். எனக்கு உயரம் ஆகாது, தூணைப் பிடித்துக்கொண்டேன். “நீங்க எறங்கற வரைக்கும் நானும் இங்கயேதான் நிப்பேன்” என்றேன். முணுமுணுவென்று திட்டிக்கொண்டே பின்னால் வந்தார். கீழே பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். தண்ணீர் வருவதற்குள் கண் செருகிச் சாய்ந்துவிட்டார்.

ஈரத்துணி போர்த்தி ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வெயில் தாக்கியிருக்கிறது, நேரத்தோடு கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். அந்த விளிம்பை நினைத்து நினைத்து எனக்கு மத்தியானச் சோறே இறங்கவில்லை. சாயங்காலம் பார்க்கப் போனபோது, டிரிப்ஸ் ஏறும் கையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“எறங்கறப்போ திட்டுனதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கறனுங் மேடம். கடைசியா ஒண்ணு திட்டுனேன் பாருங்க, அது மட்டும் இருக்கட்டும். அது மேஸ்திரிக்கு.”

என் கை

“மேடமும் கட்டணும்” என்று எல்லோரும் பிடிவாதம் பிடித்ததால் நானும் கட்டிக்கொண்டேன். ஒரு நாள், வேலை ஏன் தாமதம் என்று தலைமை ஆபீசிலிருந்து போன். பேசி முடிப்பதற்குள் என் பட்டையே அலறியது. சிவப்பு! மூணாறு எஸ்டேட் குடும்பத்திலிருந்து வந்த கொத்தனார் செல்வராஜ், பிளாஸ்டிக் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டார். என் போனையும் வாங்கிக்கொண்டார்.

“சட்டம்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான மேடம்? பேசாம உக்காருங்க, போனு வந்தா நான் பாத்துக்கிடுதேன்.”

ஆட்களைக் கண்காணிக்க என்னை வேலைக்கு வைத்தார்கள். இப்போது நான் எப்போது உட்கார்ந்தேன், எத்தனை நிமிடத்தில் எழுந்தேன் என்று சைட்டே என்னைக் கண்காணிக்கிறது, உள்ளதைச் சொன்னால் அது நன்றாகத்தான் இருக்கிறது.