இரும்பு அக்காவுக்கு அவசரமே வராது

எங்க மருந்துக் கம்பெனியில அவளுக்கு இரும்பு அக்கான்னு பேரு. நான்தான் வச்சேன், என் வாய் சும்மா இருந்தாத்தானே. விளக்கு வச்ச வெள்ளைப் பலகைக்கு முன்னால இருமல் மருந்து பாட்டில் வரிசையா பெல்ட்ல போகும். உள்ள தூசி, முடி ஏதாவது தெரிஞ்சா எடுத்து ஓரமா வைக்கணும். அக்கா எனக்குப் பக்கத்து நாற்காலி. பன்னெண்டு வருஷமா சக்கரை. ஆரம்பத்துல அரைமணிக்கு ஒருதரம் பாத்ரூமுக்கு ஓடுவா. அப்புறம் என்ன மாயமோ, காலையில உக்காந்தா சாயந்தரம்தான் எந்திரிப்பா.

"மனசு வச்சா எதையும் அடக்கலாம்டி"ம்பா. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அந்தப் பெருமை எங்க எல்லார் தலையிலயும் விடிஞ்சுது. யாராவது எந்திரிச்சா அந்த இடத்துல உக்கார மாத்து ஆளா ஒருத்தியை வச்சிருந்தாங்க. "சக்கரையை வச்சுக்கிட்டு அந்தம்மாவே உக்காருது, உங்களுக்கென்ன கேடு?"ன்னு சூப்பர்வைசர் அந்த மாத்து ஆளைத் தூக்கிட்டாரு. இனி பெல்ட் நிக்கிறப்பதான் போகணும். டீக்குப் பத்து நிமிஷம், சாப்பாட்டுக்கு அரைமணி. அக்காவை எல்லாரும் கரிச்சுக் கொட்டினோம். நானும்தான்.

ஒருநாள் அவ நாற்காலி நனைஞ்சிருந்துச்சு. தண்ணி பாட்டில் கவுந்துடுச்சுன்னு சொன்னா. பொய் சொல்லல பாவம், அப்படித்தான் நம்பினா. அடுத்த வாரம் குளிர்காய்ச்சல். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். குழாய் போட்டாங்க, ஒன்றரை லிட்டர் மூத்திரம் வந்துச்சு.

"சக்கரை நரம்பை மழுக்கிடுச்சும்மா. மூத்திரப்பை நிறைஞ்சாலும் உங்களுக்குத் தெரியாது, நிறைஞ்சு வழியிறதுதான் வெளிய வருது"ன்னாங்க டாக்டரம்மா. "மூணு மணி நேரத்துக்கு ஒருதரம், வந்தாலும் வராட்டாலும் போய் உக்காருங்க. அவசரப்படாதீங்க. தேங்கினா கிட்னி போயிடும்."

"அப்ப நான் அடக்கலையா?"ன்னா அக்கா.

"இல்லம்மா."

வேலைக்குத் திரும்பின அன்னிக்கு, பாத்ரூம் போக நேரம் விடணும்னு டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை சூப்பர்வைசர்கிட்ட நீட்டினா.

அவரு அதைப் படிச்சுக்கூடப் பாக்கல. "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. முடியலைன்னா வீட்ல இருங்க." தனிக்கட்டை அவ, வீட்ல இருந்தா இன்சுலின் யாரு வாங்கித் தருவா? இவ்வளவு பேசுற நான் அன்னிக்கு ஒரு வார்த்தை கேக்கல. எனக்கும் வேலை வேணுமே.

நேத்து டீ நேரத்துல அவளுக்காகப் பாத்ரூம் வாசல்ல நின்னேன். எட்டு நிமிஷம் போச்சு.

"வந்துச்சாக்கா?"

"கொஞ்சம் வந்துச்சு. பாக்கி இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

கதவைத் திறந்தா. என் கையைப் பிடிச்சு அடிவயித்துல வச்சா. "உன் கைக்காவது தெரியுதான்னு பாரு."

தொப்புளுக்குக் கீழ திண்ணுன்னு இருந்துச்சு.

"நிறைய இருக்குக்கா. திரும்ப உக்காரு."

உக்காந்தா. நான் சுவரைப் பாத்துக்கிட்டு நின்னேன். ஒரு நிமிஷம் ஆயிருக்கும், பெல்ட் ஓடப்போற மணி அடிச்சுது.

அக்கா எந்திரிச்சு, போட்டிருந்த வெள்ளைக் கோட்டை இழுத்து விட்டுக்கிட்டு, "வா, போலாம்"னு முன்னால நடந்தா.