முன்னால் போனவன்

டெல்லி முனிர்காவில் குடியிருந்தபோது, இரண்டு நாள் லீவில் நானும் என் மனைவியும் வாடகை சைக்கிள்களில் சோனா வெந்நீர் ஊற்றுக்குப் புறப்பட்டோம். வழக்கம்போல நான் முன்னால், அவள் பின்னால். ரோட்டில் மனைவியைத் திரும்பிப் பார்க்க எனக்குக் கூச்சம். குர்காவ் தாண்டி ஒரு டீக்கடையில் இறங்கி, இரண்டு டீ சொன்னேன்.

“மதராசி பையா, பீபி கிதர்?” பெண்டாட்டி எங்கே என்று கேட்டுச் சிரித்தார் கடைக்காரர்.

பதறி, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனேன். வெகுதூரம் பின்னால், லாரிக்கு ஒதுங்கிப் பள்ளத்தில் விழுந்து, முழங்கால் உடைந்து கிடந்தாள்.

“‘ஏங்க, ஏங்க’ன்னு எவ்வளவோ கத்தினேன்.”

“லாரி சத்தத்துல கேக்கலை. பேரைச் சொல்லிக் கத்தியிருக்கலாமே?”

“புருஷன் பேரை எப்படிங்க சொல்றது? நீங்க ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாமே.”

அந்தக் கால் இன்றுவரை சரியாக மடங்குவதில்லை. இப்போது கடைக்குப் போனாலும் அவளை முன்னால் விட்டு, நான் பின்னால் நடக்கிறேன். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.