பிளஸ் ஒன்னும் ஒரு கையெழுத்தும்

என்னைப் போல ஒரு முட்டாளை மயிலாப்பூரில் பார்த்திருக்க மாட்டீர்கள். எக்ஸ்சேஞ்ச் மாணவனாக ஒரு வருடம் அமெரிக்கா கிளம்பியபோது, அங்கே படிப்பது இங்கே பிளஸ் ஒன்னாகச் செல்லுமா என்று பள்ளி ஒருங்கிணைப்பாளரிடம் வாயால் மட்டும் கேட்டேன்.

"தாராளமா செல்லும்பா, ஜாலியா போய்ட்டு வா!"

ஜாலியாகச் சமையலும் நாடகமும் எடுத்தேன். திரும்பியதும், "நான் எப்பப்பா சொன்னேன்?" என்றார். ஜூனியர்களோடு பிளஸ் ஒன்னில் உட்கார்ந்தேன்.

அடுத்து அமெரிக்கா போகிறவர்களின் பெற்றோர் கூட்டத்தில் அவரே என்னைப் பேச அழைத்தார். சும்மா விடுவேனா? "எந்தெந்தப் பாடம் செல்லும்னு சார்கிட்ட எழுதி வாங்காம ஏர்போர்ட் பக்கமே போகாதீங்க" என்றேன். அத்தனை பெற்றோரும் பேனாவோடு அவரை மொய்த்தார்கள். இப்போது அரை நாள் லீவுக்குக்கூட நான் எழுத்தில்தான் அனுமதி வாங்குகிறேன்.

அன்று எல்லோருக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டு முடித்தவரிடம், "கை வலிக்குதா சார்?" என்றேன்.

"பிளஸ் ஒன் கிளாஸ் எங்கேன்னு உனக்குத் தெரியும், போ."