சித்தப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி

சித்தப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அவருக்குப் போட மாலையோடு ஆட்கள் வந்தார்கள். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

சித்தப்பா, அப்பாவின் தம்பி. புதுச்சேரியில் ஓவியம் படித்தவர். படித்த படிப்புக்குக் காரைக்காலில் கிடைத்தது ஒரு ஃப்ளெக்ஸ் கடை வேலை. மஞ்சள் நீராட்டு விழா, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கைவண்ணம்தான். அந்த வருடம் அவர் முதலில் பேச்சைக் குறைத்தார், பிறகு சோற்றைக் குறைத்தார். வீட்டிலிருந்த தூரிகைகள் காய்ந்து விறைத்துப் போயின.

பள்ளி ஆசிரியையான அம்மா எங்கேயோ கேள்விப்பட்டு ஒரு வைத்தியம் கொண்டுவந்தாள். காலி ஊறுகாய் பாட்டிலில் சீட்டுகளை எழுதிப் போட்டாள். காலையில் நான் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதில் உள்ளதை அவர் படமாகவோ எழுத்தாகவோ அன்றைக்கே போட வேண்டும். இன்று காதில் விழுந்த முதல் சத்தம். உனக்குப் பிடிக்காத நிறம். இந்த வயதில் வீட்டுப்பாடமா, பாவம் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் சித்தப்பா மறுக்காமல் செய்தார். பிடிக்காத நிறத்துக்குக் கீழவாஞ்சூர் துறைமுகத்து நிலக்கரித் தூசி படிந்த எங்கள் கொடித்துணிகளை வரைந்தார். அம்மா அதைப் பார்த்துச் சிரித்தாள். ஆள் தேறிவிட்டார் என்றே எல்லோரும் நம்பினோம்.

ஒரு சனிக்கிழமை வந்த சீட்டில், நாலு பேர் உன்னைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஒரு மனிதனைப் பற்றி நாலு பேர் நல்லதாகச் சொல்லும் இடம் சித்தப்பாவுக்குத் தெரிந்து ஒன்றுதான். கடைக் கணினியில் உட்கார்ந்து தனக்கே ஒரு கண்ணீர் அஞ்சலி செய்தார். படம், விளக்கு, வெண்புறா, தெருப்பெயர் ஒன்றும் விடவில்லை. அதை அன்றைய வேலைகளோடு ஒரே இடத்தில் சேமித்தும் வைத்துவிட்டார். கடை முதலாளி எதையும் திறந்து பார்க்காமல் மொத்தமாக நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார். அச்சடிப்பது அங்கேதான். கட்டுகிற ஆட்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், தெருப்பெயரைத்தான் பார்ப்பார்கள். திங்கட்கிழமை விடியும்போது நெரவியில் எங்கள் தெருமுனையில் சித்தப்பா பத்தடி உயரத்தில் நின்றார்.

முதலில் வந்தவர் குரும்பகரத்து ஒன்றுவிட்ட அத்தை. வாசலிலேயே தலைவிரி கோலமாக ஒப்பாரி வைத்தார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் போய்விட்டார்கள் என்று அம்மா என்னைத் தொட்டுப் பார்த்தாள், அப்பாவைத் தேடினாள். கொல்லையிலிருந்து சித்தப்பா வாயில் நுரையோடு வந்து நின்றார். அத்தையின் பாட்டு பாதியில் நின்றது. கையிலிருந்த மாலை கீழே விழுந்தது.

விஷயம் தெரிந்ததும் வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இப்படிப் பொய்ச் செய்தி வந்தால் ஆயுசு கெட்டி என்றார்கள். மாலைகளை வாய்க்காலில் விட்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிய ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். சித்தப்பாவும் சிரித்தார்.

ஃப்ளெக்ஸை அவிழ்க்க அப்பா என்னைக் கூட்டிப் போனார். வைக்கோல்போருக்குப் போர்த்த ஆகும் என்பதால் அப்பா எந்தப் பேனரையும் விடமாட்டார். அவர் கயிற்றை அறுக்கும்போது நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிறந்த தேதி சரியாக இருந்தது.

"அப்பா, செத்த தேதி தப்பா போட்ருக்காங்க. இது வர்ற வெள்ளிக்கிழமைல்ல?"

அப்பா படித்தார். இன்னொரு முறை படித்தார். அப்படியே தார்ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். எழுந்ததும் அந்தத் தேதியை மட்டும் அரிவாளால் அறுத்து மடியில் வைத்துக்கொண்டார். மீதியை வைக்கோல்போருக்கு எடுத்து வரவில்லை. அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் அம்மா அந்தத் துண்டைச் சித்தப்பாவின் முன்னால் வைத்தாள்.

"என்ன தம்பி இது?"

அவர் துண்டின் சுருக்கத்தை விரலால் நீவிவிட்டார்.

"சீட்டுல கேட்டதத்தான் செஞ்சேன் அண்ணி. தேதி மட்டும் நானா போட்டது."

அம்மா அவர் கையைப் பிடித்தவள் விடவில்லை. அன்றே அப்பா லீவு போட்டு அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அந்த வாரம் முழுக்கச் சித்தப்பாவின் அறை வாசலில் குறுக்கே பாய் போட்டுப் படுத்தார். கொசு கடிக்கிற இடத்தில் ஏன் படுக்கிறார் என்று கேட்டேன். காற்று வருகிறது என்றார்.

அம்மா பாட்டிலைக் கவிழ்த்துப் பழைய சீட்டுகளை எடுத்துவிட்டு ஒரே ஒரு சீட்டு போட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் என்ன சாப்பிடலாம், வரைந்து காட்டு. இதுவும் ஒரு கேள்வியா என்று எனக்குச் சலிப்பு. சித்தப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருந்தார். மூன்றாம் நாள் ஒரு கொடுவா மீனை வரைந்தார், செதில் செதிலாக.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் முட்டை வாசனைகூடக் கூடாது. பூசை நாள். அன்றைக்கு அம்மா தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, நேராக மீன் கடைக்குப் போனாள். விளக்கு எரிந்துகொண்டிருக்க, வீடெல்லாம் குழம்பு மணத்தது. சித்தப்பா சாப்பிடுவதை அப்பாவும் அம்மாவும் தட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாமிக்கு ஆகாத நாளில் அம்மா ஏன் இப்படிச் செய்தாள் என்று நான் குழம்பினேன். பிறகு, இனி வெள்ளிக்கிழமைகளிலும் மீன் உண்டு போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, இன்னொரு துண்டு கேட்டேன்.