அரிசி களைந்த தண்ணீர்

"தாங்கும்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் குமட்டுகிறது. ஊர் தாங்கும், சனம் தாங்கும், கண்மாய் தாங்கும், ஒரு நல்ல மழை பெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல்லோடு ஒரு நாற்றமும் சேர்ந்தே வரும். அது எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்பதைச் சொல்கிறேன்.

ராஜபாளையத்தில் எங்கள் தெரு கண்மாய்க் கரையை ஒட்டி இருந்தது. எண்பதுகளின் கடைசியில் கரைக்கு அந்தப் பக்கம் ஒரு சலவைப் பட்டறை வந்தது. தறியிலிருந்து வரும் பேண்டேஜ் துணியைக் காரம் போட்டு வேகவைத்து, பிளீச்சிங் பவுடரில் முக்கி வெளுப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி. வெயிலில் காயும்போது பார்த்தால் கண் கூசும். அந்த வெள்ளையை அலசின தண்ணீர் நேராகக் கண்மாயில் விழுந்தது. கோடையில் கண்மாய் வற்ற வற்ற, மிச்சம் கிடந்தது கொழகொழவென்று ஆகி, ஓரத்தில் மஞ்சள் நுரை கட்டியது. செத்த கெண்டைகள் அந்த நுரைக்குள் வயிறு ஊதிக் கிடந்தன. அதைத் தாண்டித்தான் எங்கள் எருமைகள் தினமும் இறங்கிக் குடித்தன.

அப்பா பட்டாளத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை டிரங்குப் பெட்டியோடு வந்து போவார். வீட்டையும் எருமைகளையும் அம்மாதான் பார்த்தாள். அவள் கறந்த பாலைக் கேனில் எடுத்துக்கொண்டு, தாவணியை இழுத்துச் செருகியபடி முதல் பஸ்ஸில் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போவேன். அங்கே ஒரு பால்கோவா பட்டறையில் பாலை ஊற்றிவிட்டு, அதே தெருவில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போவது என் வழக்கம்.

ஒரு நாள் பால்கோவாக்காரர் கேனைத் திறந்து மூக்கைச் சுளித்தார். என்ன பால் மருந்து வாடை அடிக்கிறது என்று கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவரோ பாலைச் சட்டியில் கொட்டி, வழக்கத்தைவிட நாலு கை சீனியைக் கூட அள்ளிப் போட்டுக் கிண்டச் சொன்னார். கோடை நீண்டுபோன அந்த ஆடியில் வேறு பால் எங்கே கிடைக்கும்? ஆடிப்பூரத் தேருக்கு வந்த கூட்டம் நின்று வாங்கித் தின்றது. இந்த வருஷம் இனிப்புத் தூக்கல் என்று சிலர் சந்தோஷப்பட்டதையும் என் காதால் கேட்டேன். எல்லோரும் சமாளித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் பாலை ஊற்றிவிட்டு அந்தக் கடை வாசலில் நிற்காமல் நடந்தேன்.

அம்மாவுக்குக் கவலை வேறு. எங்களிடம் இருந்த மூன்றில் இரண்டு கிழடு தட்டி மடி வற்றிக்கொண்டிருந்தன. மூன்றாவது இன்னும் ஈனாத ஒரு கிடேரி. தாய் செத்த பிறகு அம்மா கஞ்சி புகட்டி வளர்த்தது, அந்தக் கோடையில்தான் முதல் தடவையாகச் சினைப்பட்டிருந்தது. அது நல்லபடியாக ஈன்றால்தான் அடுத்த வருஷம் எங்கள் வீட்டில் பால். அதனால் கிழங்களை மட்டும் கண்மாய்க்கு ஓட்டிவிட்டு, கிடேரியை அம்மா வீட்டிலேயே கட்டிப்போட்டாள். குடிப்பதற்கு மாந்தோப்புக் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தானே சுமந்து வந்தாள். தோள்பட்டை வீங்கியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் ஒரு ஏற்பாடு உண்டு. எந்த வீட்டு எருமை சினையாக இருந்தாலும், தெருப் பெண்கள் அரிசி களைந்த தண்ணீரையும் வடித்த கஞ்சியையும் வீணாக்காமல் கொண்டுவந்து அந்த வீட்டுக் கழனித்தொட்டியில் ஊற்றுவார்கள். எருமை ஈன்றதும் முதல் மூன்று வேளைச் சீம்பால், ஊற்றின வீடுகளுக்கெல்லாம் பங்கு. யாரும் யாரையும் கேட்பதில்லை, நினைவூட்டுவதில்லை. அந்தக் கோடையில் தீவனம் கிடைக்காமல் திண்டாடியபோது கிடேரியின் எலும்பு தெரியாமல் காத்தது அந்தத் தொட்டிதான். ஊர் ஒன்றாக இருந்தால் எதையும் கடந்துவிடலாம் என்று அப்போது நானும் நம்பினேன்.

ஒரு மத்தியானம் கிடேரி மாதம் நிறையும் முன்பே செத்த கன்றை வீசிவிட்டது. முடிகூட முளைக்காத கன்று, ஈரக் கோணிபோலக் கிடந்தது. சலவைப் பட்டறையில் கழித்துப்போட்ட வெள்ளைத் துணி எல்லா வீட்டிலும் கிடக்கும். அதில்தான் அம்மா அதைச் சுற்றினாள். நான் அவள் அழுது பார்த்தது அன்றைக்குத்தான்.

மாட்டு டாக்டர் வந்து பார்த்து, குடிக்கிற தண்ணீரை மாற்றச் சொன்னார். கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் காட்டவில்லை என்று அம்மா சாதித்தாள். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் வழக்கமான நேரத்துக்குக் கழனித்தண்ணீர் வராததால் நானே எதிர்வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு குடம். ஒன்றிலிருந்து மொண்டு அரிசியை அலசி, அந்தத் தண்ணீரைக் கழனிப் பானையில் ஊற்றினாள். அடுத்த குடத்திலிருந்து மொண்டு இரண்டாம் தடவை களைந்து உலையில் போட்டாள். முதல் குடம் எந்தத் தண்ணீர் என்று கேட்டேன்.

"பட்டறைப் பைப்புத் தண்ணிதான். முதத் தண்ணிய எப்படியும் சோத்துக்கா வைக்கப் போறோம்? குழாத்தண்ணிய எதுக்குப் பாழாக்கணும்?"

சனங்கள் முணுமுணுக்கக் கூடாது என்று பட்டறை முதலாளி கண்மாய்க் கரையில் போர் போட்டுத் தெருவுக்கு இலவசமாக விட்ட பைப் அது. குடிக்க யாரும் எடுப்பதில்லை; பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்க மட்டும். எல்லா வீட்டிலும் இதே கணக்குத்தான். முனிசிபாலிட்டிக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத நாட்களில் சிக்கனமான பெண்கள் வேறு என்ன செய்வார்கள்? அம்மா கண்மாயிலிருந்து மறைத்து வைத்த கிடேரிக்கு, கண்மாயைத்தான் தெருவே அன்பாகக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறது. அந்தத் தண்ணீரால்தான் கன்று போனது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தொட்டியில் குனிந்து மோந்து பார்த்தேன். கஞ்சிப் புளிப்புக்கு அடியில் அதே பவுடர் வாடை. அங்கேயே வாந்தி எடுத்தேன்.

நான் சொன்னதும் அம்மா தொட்டியைக் கவிழ்த்துப் போட்டாள். பெண்களுக்கு முகம் சுண்டிப்போனது. தங்கள் வீட்டுத் தண்ணீர் ஆகாமல் போய்விட்டதா என்று சாடை பேசினார்கள். பட்டறையில் போய் முறையிடலாம் என்றேன். தெருவில் பாதி ஆண்கள் அங்கேதான் வேலை பார்த்தார்கள், யார் வருவார்கள்? "எருமைதானே, தாங்கிக்கிடும். அடுத்த வருசம் ஈனாமலா போயிரும்?" என்றாள் எதிர்வீட்டு அக்கா, ஆறுதலாகத்தான். அவளை அறையலாம்போல இருந்தது. கொஞ்ச நாளில் தீவனத்துக்கு வேறு வழியில்லாமல் அம்மாவே தொட்டியை நிமிர்த்தி வைத்தாள். கிணற்றுக்குப் போவதையும் நிறுத்தினாள். கிடேரி கிழங்களோடு சேர்ந்து கண்மாய்க்கு நடந்தது.

அக்கா சொன்னதுதான் நடந்தது. மறுபடி சினையாகி அது உயிருள்ள கன்றை ஈன்றது. ஒல்லிக் கன்று, எழுந்து நிற்கச் சிரமப்பட்டது, ஆனால் நின்றது. தெருவே வந்து பார்த்து, நான் சொன்னேன்ல என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். சீம்பால் வீடு வீடாகப் போனது. கருப்பட்டியைக் கூட்டிப் போட்டு, ஏலக்காய் தட்டி, ஆவியில் வேகவைத்துத் தின்றார்கள். நல்லாத்தான் இருக்கிறது என்றார்கள்.

அம்மா தன் பங்கைத் தின்றுவிட்டு, எனக்கு ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தாள். ஒரு துண்டை வாயில் வைத்தேன். இனிப்பு முடிந்த இடத்தில் அந்த வாடை நாக்கில் ஏறியது. முற்றத்தில் ஓடித் துப்பினேன்.

முந்தின வருஷம் செத்த கன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு அழுதவள், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள்.

"துப்பாத ஏட்டி. எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. இன்னொரு வாய் தின்னு, பழகிரும்."