என் கால் பலமும் காரோட பிரேக்கும்

காலையில விரிஞ்சிபுரம் கிட்ட எங்க பழைய ஃபாரின் காரோட பிரேக் பெடல் கல்லு மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு காலாலயும் அழுத்தித்தான், முன்னாடி போன, தோல் ஏத்தின லாரி மேல இடிக்காம நிறுத்தினேன்.

பக்கத்துல உக்காந்திருந்த வீட்டுக்காரர், "உனக்குக் கால்ல பலம் கம்மி"ன்றார்.

மெதுவா உருட்டிட்டு ஆம்பூர் போய்ச் சேர்ந்தா, அங்க மெக்கானிக்கும், "பெரிய வண்டி மேடம், அப்படித்தான் இருக்கும்"ன்றார்.

ஒரே பேஜார்.

"இன்ஜினை ஆஃப் பண்ணி நாலஞ்சு வாட்டி மிதிங்க. காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் கொஞ்சம் கீழ இறங்கணும்"னேன்.

மெக்கானிக் மிதிச்சார். இறங்கவே இல்ல.

பானெட்டைத் திறந்தா, பெடல் மிதிக்கறதை லேசாக்கற பிரேக் பூஸ்டருக்குப் போற வேக்குவம் பைப்ல நீளமா விரிசல். உஸ்ஸுன்னு சத்தம் வேற.

பைப்பை மாத்திட்டு மெக்கானிக் எங்க வீட்டுக்காரர் கையைக் குலுக்கி, "கரெக்டா சொன்னீங்க சார்"ன்றார். இவரும் தலையாட்டறார்!

உங்க வீட்லயும் இப்படித்தானா?